போர்டேஜ் உரிமம் கேட்டு நிற்கிறதா? ஜென்டூ லினக்ஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நண்பர் வட்டத்தில் யார் புதிதாக ஜென்டூ நிறுவினாலும், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். சிவப்பும் மஞ்சளுமாக நாலு வரி, நடுவில் எங்கோ "லைசென்ஸ்" என்ற சொல், கீழே "அண்ணே, இது என்ன?" என்று ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்துப் போட்டு, கீழே பதிலை எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைகள், கோப்புப் பெயர்கள், உரிமப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. ஜென்டூவில் மென்பொருளை நிறுவித் தரும் போர்டேஜுக்கோ அந்தப் பேதம்தான் உயிர். எங்கே அது முக்கியமோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

"பேக்கேஜ் மாஸ்க் ஆகியிருக்குன்னு வருது, பக்கத்துல லைசென்ஸ்னு போட்டிருக்கு. மெஷின்ல ஏதாவது கெட்டுப்போச்சா?"

ஒன்றும் கெடவில்லை. நீங்கள் கேட்ட மென்பொருளின் உரிமத்தை ஏற்பதாக நீங்கள் இதுவரை எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். போர்டேஜ் நடுவில் நின்று "சம்மதமா, இல்லையா" என்று உரையாடல் பெட்டி காட்டாது. உங்கள் சம்மதம் முன்கூட்டியே ஒரு கோப்பில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். இல்லாவிட்டால் அந்தப் பேக்கேஜை மூடி வைத்துவிட்டு, எந்த உரிமம் தடுக்கிறது, அதன் முழு உரை உங்கள் வட்டில் எங்கே கிடக்கிறது என்று இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த இரண்டாவது தகவலை ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிற யாரும் படிப்பதில்லை.

"சரி, எந்த பேக்கேஜுக்கு என்ன லைசென்ஸ்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஜென்டூவில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஈபில்ட் என்றொரு செய்முறைக் கோப்பு உண்டு. அதில் "லைசென்ஸ்" என்ற மாறியில் அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர் உரிமத்தின் பெயரை எழுதியிருப்பார். பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு உரை, வார்/டிபி/ரெப்போஸ்/ஜென்டூ அடைவுக்குள் லைசென்ஸஸ் என்ற உள்ளடைவில், அதே பெயரில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக இருக்கும். லெஸ் கட்டளை கொடுத்துத் திறந்து படிக்கலாம்.

மறுபக்கம் உங்களுடையது. இடிசி/போர்டேஜ் அடைவில் மேக்.கான்ஃப் கோப்பில் "ஆக்செப்ட்_லைசென்ஸ்" என்ற மாறி (முழுக்கப் பெரிய எழுத்து). எதையெல்லாம் ஏற்கிறீர்கள் என்பது அதில் இருக்கும். ஈபில்ட் கேட்பது இந்தப் பட்டியலில் இருந்தால் வழி திறக்கும், இல்லாவிட்டால் மாஸ்க்.

"நான் மேக்.கான்ஃப்ல லைசென்ஸ் பத்தி ஒரு வரி கூட எழுதலையே. அப்புறம் யாரு முடிவு பண்ணாங்க?"

ஜென்டூவே ஒரு இயல்பு மதிப்பு வைத்திருக்கிறது. இப்போது அது "-* @ஃப்ரீ". கட்டற்ற மென்பொருளும் கட்டற்ற ஆவணங்களும் மட்டும் உள்ளே வரலாம், மற்ற எல்லாவற்றுக்கும் உங்களைக் கேட்க வேண்டும் என்று பொருள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2019 மே மாதம் வரை இயல்பு மதிப்பு "* -@யூலா". அதாவது, தனியாகச் சம்மதம் கேட்கிற ஒப்பந்தங்களைத் தவிர எல்லாமே தானாக வரும். அந்த மாதம் ஒரு நியூஸ் அறிவிப்புடன் மாற்றினார்கள். நீங்கள் பின்பற்றுகிற வழிகாட்டி அதற்கு முன் எழுதப்பட்டது என்றால், "எனக்கு இந்தத் தடையே வரவில்லையே" என்று அதில் யாராவது எழுதியிருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை, பழைய காலத்தில் இருக்கிறார்.

அதற்கும் முன்னால் இன்னும் மோசம். சில ஈபில்டுகள் நிறுவும் நேரத்தில் ஒப்பந்த உரையைத் திரையில் திறந்து, நீங்கள் "யெஸ்" என்று தட்டும் வரை காத்திருக்கும். ராத்திரி எண்பது பேக்கேஜை ஓடவிட்டுத் தூங்கப் போய், காலையில் காபியோடு வந்து பார்த்தால், பன்னிரண்டாவதாக இருந்த ஒரு விளையாட்டின் ஒப்பந்தம் என் பதிலுக்காக விடிய விடிய நின்றிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் ஜிஎல்இபி-23 என்ற முன்மொழிவு 2004-இல் வந்தது. இன்றைய ஏற்பாடு முழுவதும் அதிலிருந்து வளர்ந்தது.

"அந்த வரியில @ எதுக்கு, மைனஸ் எதுக்கு, நட்சத்திரம் எதுக்கு? மந்திரம் மாதிரி இருக்கு."

நாலே குறிகள். வெறும் பெயர் என்றால் அந்த ஓர் உரிமம். முன்னால் @ இருந்தால் அது உரிமங்களின் குழு. முன்னால் கழித்தல் குறி இருந்தால் "இது வேண்டாம்". நட்சத்திரம் என்றால் எல்லாம். அதனால் "-*" என்றால் அதுவரை சேர்த்ததை எல்லாம் துடைத்துவிடு.

இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், பின்னால் வருவது முன்னால் வந்ததை வெல்லும். இதை மறந்தால் பின்னால் அலுவலகக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். நீங்களாக மேக்.கான்ஃபில் எழுதும்போது எப்போதும் "-*" போட்டே தொடங்குங்கள். அப்போது அதற்கு முன் எங்கே என்ன இருந்தது என்று யோசிக்கவே வேண்டாம்.

"@ஃப்ரீன்னா இலவசம்தானே? குரோம் கூட இலவசம்தான், அது ஏன் மாட்டுது?"

ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் வரும் குழப்பம். நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. @ஃப்ரீ என்பது இரண்டாவது. கூகுள் குரோமுக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் பிரித்துப் பார்க்கவோ மாற்றி வெளியிடவோ அனுமதி இல்லை. அதனால் வெளியே நிற்கிறது. அதன் உரிமத்தின் பெயரும் "கூகுள்-குரோம்" என்பதுதான். அதன் திறமூல உறவான குரோமியம் பிஎஸ்டி உரிமத்தில் இருப்பதால் உள்ளே.

மூலநிரல் கிடைப்பதும் போதாது. ஆர்ஏஆர் வகைச் சுருக்கக் கோப்புகளைப் பிரிக்கும் அன்ரார் நல்ல உதாரணம். அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அதை வைத்து ஆர்ஏஆர் சுருக்கும் முறையைத் திரும்ப உருவாக்கக் கூடாது என்று உரிமத்தில் ஒரு நிபந்தனை. அந்த ஒரு வரியால் அது கட்டற்றது ஆகாமல் போகிறது. ஆர்ஏஆர் கோப்பைப் பிரிக்க மட்டும் வேண்டுமென்றால் "அனார்" என்று வேறொரு பேக்கேஜ் இருக்கிறது, எல்ஜிபிஎல் உரிமம், தொல்லை இல்லை.

"வேற என்னென்ன குழு இருக்கு?"

முழுப் பட்டியல் ஜென்டூ ரெப்போவின் (ஈபில்டுகள் எல்லாம் இருக்கும் கிடங்கு) புரொஃபைல்ஸ் அடைவில் "லைசென்ஸ்_குரூப்ஸ்" என்ற கோப்பில் இருக்கிறது. ஒரு முறை திறந்து பாருங்கள், சிறியதுதான். எஃப்எஸ்எஃப் (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) ஏற்றவை, ஓஎஸ்ஐ (திறமூல முனைப்பகம்) ஏற்றவை என்று சிறு குழுக்கள். அவற்றில் கட்டற்றவற்றை உள்ளடக்கியது @ஃப்ரீ. அதையும் உள்ளடக்கி இன்னும் அகலமானது @பைனரி-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். இதில் மூலநிரல் தராவிட்டாலும், மற்றவருக்குப் பகிர்ந்துகொள்ளத் தடை இல்லாதவை வரும்.

எனக்குப் பிடித்தது @யூலா குழுவுக்கு மேலே இருக்கும் விளக்கம். உங்கள் உரிமைகளைப் பறிக்க முயலும் ஒப்பந்தங்கள் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று சொல்வதை விடவும் இவை கடுமையானவையாம். காப்புரிமைச் சட்டம் ஏற்கெனவே தரும் தடைகளுக்கு மேல், நீங்களாகக் கையெழுத்திட்டுக் கூடுதலாக இழப்பவை என்று அர்த்தம்.

"வைஃபையே வரல. லினக்ஸ்-ஃபர்ம்வேர் போடச் சொன்னாங்க, அதுவும் லைசென்ஸ்னு நிக்குது. கெர்னலே கட்டற்றதுதானே?"

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் வருவீர்கள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல்-2. ஆனால் உங்கள் வைஃபை அட்டைக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது, அதற்கு ஓட ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலைத் தயாரிப்பாளர் மூலநிரல் இல்லாமல், பைனரியாக மட்டும் தருகிறார். கெர்னல் அதை எடுத்து அட்டைக்குள் ஏற்றிவிடும், அவ்வளவே அதன் பங்கு. இப்படிப் பல தயாரிப்பாளர்களின் பைனரிகளைச் சேர்த்து வைத்த மூட்டைதான் லினக்ஸ்-ஃபர்ம்வேர். பகிரலாம், மூலநிரல் கிடையாது. ஆகவே @ஃப்ரீ-க்குள் வராது, @பைனரி-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்-க்குள் வரும்.

இடிசி/போர்டேஜ்/பேக்கேஜ்.லைசென்ஸ் என்ற கோப்பில் இந்த ஒரு வரி போதும்:

சிஸ்-கெர்னல்/லினக்ஸ்-ஃபர்ம்வேர் @பைனரி-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்

ஜென்டூ கையேடும் இதையே சொல்கிறது. பழைய வழிகாட்டிகளில் குழுவுக்குப் பதிலாக "லினக்ஸ்-எஃப்டபிள்யூ-ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்", "நோ-சோர்ஸ்-கோட்" என்று இரண்டு பெயர்கள் இருக்கும். அதுவும் அதே வேலைதான். இந்தப் பேக்கேஜில் "அன்நோன்-லைசென்ஸ்" என்று ஒரு யூஸ் ஃபிளாக் (பேக்கேஜின் ஒரு வசதியை எரியவிடவோ அணைக்கவோ உதவும் சுவிட்ச்) உண்டு. உரிமம் இன்னதென்றே தெரியாத கோப்புகளுக்கானது, இயல்பில் அணைந்திருக்கும். உங்கள் வன்பொருளுக்கு அந்தக் கோப்புதான் வேண்டும் என்று உறுதியாகத் தெரியாமல் அதைத் தொடாதீர்கள்.

"பேக்கேஜ்.லைசென்ஸ்னு ஒரு கோப்பே என்கிட்ட இல்லையே. சிலர் அதை ஃபோல்டர்னு வேற சொல்றாங்க."

இரண்டும் சரி. ஒரே கோப்பாக வைக்கலாம், அல்லது அதே பெயரில் ஒரு அடைவு உருவாக்கி உள்ளே எத்தனை கோப்பு வேண்டுமானாலும் போடலாம். போர்டேஜ் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்களையும், எடிட்டர் விட்டுச்செல்லும் "~" முடிவுள்ள பெயர்களையும் மட்டும் கண்டுகொள்ளாது. உங்களிடம் இல்லையென்றால் நீங்களே உருவாக்க வேண்டியதுதான்.

நான் அடைவாகத்தான் வைத்திருக்கிறேன்: ஃபர்ம்வேருக்கு ஒன்று, உலாவிக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கு மேலும் "#" போட்டு எப்போது, எதற்காக ஏற்றேன் என்று ஒரு வரி எழுதிவிடுவேன். மூன்று வருடம் கழித்து "இதை எதற்கு அனுமதித்தேன்" என்று தலையைச் சொறியாமல் இருக்க அது உதவுகிறது. வரியின் தொடக்கத்தில் பேக்கேஜ் பெயர் மட்டும் இருந்தால் எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும். சமக்குறியும் பதிப்பெண்ணும் சேர்த்தால் அந்தப் பதிப்புக்கு மட்டும்.

"கையால எழுதாம இமெர்ஜே எழுதிக்காதா?"

எழுதும். போர்டேஜை ஓட்டும் கட்டளையான இமெர்ஜுக்கு "--ஆட்டோஅன்மாஸ்க்-லைசென்ஸ்=ஒய்" (கடைசியில் ஆங்கில ஒய் எழுத்து), கூடவே "--ஆட்டோஅன்மாஸ்க்-ரைட்" என்று இரண்டு விருப்பங்களையும் கொடுத்தால் தேவையான வரிகளைத் தானே தயாரித்து வைக்கும். ஆனால் உடனே அமலுக்கு வராது. டிஸ்பேட்ச்-கான்ஃப் ஓட்டி, மாற்றங்களைப் பார்த்து, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான். "எழுதிச்சு, ஆனா திரும்ப அதே பிழை" என்று வருகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டாம் படியை விட்டவர்கள்.

அந்தத் திரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். உரிம மாற்றத்தோடு யூஸ் ஃபிளாக் மாற்றம், கீவேர்டு மாற்றம் (சோதனை நிலைப் பதிப்பை அனுமதிப்பது) எல்லாம் கலந்து வரலாம்.

"எதுக்கு இவ்வளவு? மேக்.கான்ஃப்ல நட்சத்திரம் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிடுமே?"

முடிந்துவிடும். சோதனைக்காக வைத்திருக்கும் கணினி என்றால் நானே அப்படித்தான் செய்வேன். போர்டேஜ் திட்டாது.

அன்றாடம் பயன்படுத்தும் கணினிக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் கொள்கை மட்டும் அல்ல. நட்சத்திரம் போட்டால், ஏதோ ஒரு பேக்கேஜுக்குத் தேவைப்படும் துணைப் பேக்கேஜாக (இதைத்தான் சார்பு என்பார்கள்), நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மூடிய மென்பொருள் சத்தமில்லாமல் உள்ளே வரும். தடை இருந்தால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று "இது எனக்கு வேண்டுமா, இதற்கு மாற்று உண்டா" என்று பார்ப்பீர்கள். என் கணினியில் ஐந்தாறு வருடங்களில் பேக்கேஜ்.லைசென்ஸில் சேர்ந்தவை மொத்தம் ஒன்பது வரிகள். அது ஒரு சுமையா, நீங்களே சொல்லுங்கள்.

"ஒரே ஒரு தடவை மட்டும் அனுமதிக்கிற மாதிரி வழி இருக்கா?"

கட்டளைக்கு முன்னால் அதே வரியில் ஆக்செப்ட்_லைசென்ஸுக்கு மதிப்பு கொடுத்து இமெர்ஜை ஓட்டலாம், நிறுவிவிடும். ஆனால் அடுத்த மேம்படுத்தலில் போர்டேஜுக்கு அந்தச் சம்மதம் நினைவிருக்காது. மாஸ்க் செய்யப்பட்ட பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். முயன்று பார்த்துவிட்டு அகற்றப் போகிறீர்கள் என்றால் சரி, வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கோப்பில் எழுதுங்கள்.

"லைசென்ஸ் வரி சேர்த்துட்டேன். இன்னும் மாஸ்க்னுதான் சொல்லுது!"

முதலில் செய்தியை முழுதாகப் படியுங்கள். மாஸ்க் ஆக மூன்று நான்கு காரணங்கள் உண்டு, ஒரே பேக்கேஜுக்கு இரண்டு சேர்ந்தும் வரும். உரிமத்துக்குப் பக்கத்திலேயே "~ஏஎம்டி64 கீவேர்டு" என்றும் இருந்தால், அது சோதனை நிலைப் பதிப்பு, அதற்கு பேக்கேஜ்.ஆக்செப்ட்_கீவேர்ட்ஸ் என்ற வேறு கோப்பு.

அடுத்தது எழுத்துப் பிழை. உரிமப் பெயர்களில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்கும் என்றேன் அல்லவா? அன்ரார் பேக்கேஜின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. அதன் உரிமத்தின் பெயரிலோ முதல் இரண்டு எழுத்து சிறியது, கடைசி மூன்றும் பெரியது. பேக்கேஜ் பெயரையே உரிமப் பெயராகவும் தட்டிவிட்டு அரை மணி நேரம் தேடியவர்கள் உண்டு. அந்த வரிசையில் நானும் ஒருவன். திரையில் வரும் பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

"நான் கேட்டது வேற, லைசென்ஸ் கேக்குறது வேற பேக்கேஜுக்கு. அதை யாரு கூப்பிட்டா?"

சார்பாக வந்திருக்கும். இமெர்ஜை "--பிரிடென்ட் --ட்ரீ" கொடுத்து ஓட்டினால் யார் யாரை இழுக்கிறார்கள் என்று கிளை கிளையாகக் காட்டும். பல நேரம் ஒரு யூஸ் ஃபிளாக்தான் காரணமாக இருக்கும். கெர்னலைத் தொகுத்துத் தரும் ஜென்கெர்னல் கருவியை நிறுவப் போனால் லினக்ஸ்-ஃபர்ம்வேர் வந்து நிற்பது அப்படித்தான். ஜென்கெர்னலின் "ஃபர்ம்வேர்" ஃபிளாக் இயல்பில் எரிந்திருக்கும். மெய்நிகர் கணினியில் நிறுவுகிறீர்கள், ஃபர்ம்வேர் தேவையே இல்லை என்றால், உரிமத்தை ஏற்பதற்குப் பதில் அந்த ஃபிளாக்கை அணைத்துவிடலாம்.

"ஒரே பேக்கேஜுக்கு நாலு லைசென்ஸ் போட்டிருக்கு. நாலையும் ஏத்துக்கணுமா?"

எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சும்மா அடுத்தடுத்து இருந்தால் எல்லாமே வேண்டும். ஒரே பேக்கேஜில் வெவ்வேறு கோப்புகள் வெவ்வேறு உரிமத்தில் இருக்கின்றன என்று பொருள். முன்னால் இரட்டைச் செங்கோடும் அடைப்புக்குறியும் இருந்தால் ஏதாவது ஒன்று போதும். பெர்ல் அப்படித்தான்: ஆர்ட்டிஸ்டிக் அல்லது ஜிபிஎல்-1+, உங்கள் விருப்பம்.

மூன்றாவது வகை, ஒரு யூஸ் ஃபிளாக் எரிந்தால் மட்டும் வரும் உரிமம். மேலே லினக்ஸ்-ஃபர்ம்வேரில் சொன்ன அன்நோன்-லைசென்ஸ் இந்த ரகம். ஃபிளாக்கை எரியவிட்டால் உரிமப் பட்டியலும் நீளும். நேற்று வரை தடையில்லாமல் இருந்த பேக்கேஜ் இன்று மாஸ்க் ஆனால், நேற்று எந்த ஃபிளாக்கை மாற்றினீர்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று: பெயரின் கடைசியில் வரும் கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள். ஜிபிஎல்-2 என்றால் இரண்டாம் பதிப்பு மட்டும், ஜிபிஎல்-2+ என்றால் இரண்டு அல்லது அதற்குப் பிந்தையது. போர்டேஜுக்கு இரண்டும் தனித்தனி உரிமங்கள்.

"போன வருஷமே ஏத்துக்கிட்டேன். அப்டேட் பண்ணா மறுபடி கேக்குது!"

உரிமத்தின் பெயர் மாறியிருக்கும். ஒப்பந்த உரை கணிசமாக மாறும்போது பராமரிப்பவர்கள் அதைப் புதுப் பெயரில் சேர்ப்பார்கள். பழைய சம்மதம் புதிய உரைக்குச் செல்லக் கூடாது அல்லவா? அடோபி ஃபிளாஷ் உயிரோடு இருந்த காலத்தில் அதன் உரிமப் பெயரிலேயே "11.எக்ஸ்" என்று பதிப்பு ஒட்டியிருந்தது. என்விடியா டிரைவரின் உரிமப் பெயரும் இப்படி மாறியிருக்கிறது. புதிய உரையைத் திறந்து பார்த்துவிட்டு வரியைத் திருத்துங்கள். பெயர் மாறாமல் உள்ளே வாசகம் மட்டும் மாறினால் போர்டேஜ் உங்களைக் கேட்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"பேக்கேஜ்.லைசென்ஸ்ல இருந்து ஒரு வரியை அழிச்சா அந்த மென்பொருளும் போயிடுமா?"

போகாது. நிறுவியது நிறுவியபடி இருக்கும். இமெர்ஜ் ஓட்டும்போது "நிறுவப்பட்டவற்றில் இவை மாஸ்க் ஆகியிருக்கின்றன" என்று சொல்லும், மேம்படுத்தல் கிடைக்காமல் பழைய பதிப்பிலேயே தங்கிவிடும். உலாவி மாதிரி பாதுகாப்புத் திருத்தம் அடிக்கடி வரும் மென்பொருளுக்கு இது ஆபத்து. வேண்டாமென்றால் டிகிளீன் செய்து அகற்றுங்கள், பாதியில் விடாதீர்கள்.

"இப்போ என் மெஷின்ல என்னென்ன லைசென்ஸ் இருக்குன்னு மொத்தமா பார்க்க முடியுமா?"

வார்/டிபி/பிகேஜி அடைவில் நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் உள்ளடைவு உண்டு. அதற்குள் "லைசென்ஸ்" (பெரிய எழுத்து) என்ற கோப்பில் அதன் உரிமம் இருக்கும். எல்லாவற்றையும் கேட் செய்து, சார்ட், யூனிக் இரண்டின் வழியாகவும் அனுப்பினால் பட்டியல் தயார். குறிப்பிட்ட உரிமம் எங்கே என்று தேட கிரெப் போதும். தனிக் கருவிகளும் இருக்கின்றன, எனக்கு அவை தேவைப்பட்டதில்லை. நடப்பில் எந்த ஏற்பு மதிப்பு இருக்கிறது என்பதை "இமெர்ஜ் --இன்ஃபோ" காட்டும்.

"பைனரி பேக்கேஜா இறக்கினா இந்தச் சோதனை கிடையாதுல்ல?"

உண்டு. ஜென்டூ 2023 டிசம்பர் இறுதியில் அதிகாரபூர்வமாகப் பைனரி பேக்கேஜ்களைத் தரத் தொடங்கியதிலிருந்து இது அடிக்கடி வரும் கேள்வி. நீங்கள் தொகுத்தாலும், தொகுத்ததை இறக்கினாலும் உரிமம் அதேதான்.

"லைசென்ஸ் எல்லாம் சரி பண்ணிட்டேன். இப்போ ஃபைலை நீயே போய் இறக்கிட்டு வான்னு சொல்லுது. இது என்ன புது வம்பு?"

இது ஃபெட்ச் கட்டுப்பாடு, உரிம ஏற்பிலிருந்து தனி. மென்பொருளுக்கு உரியவர், கோப்பைத் தன் தளத்திலிருந்து மட்டுமே, ஆளே நேரில் வந்து எடுக்க வேண்டும் என்று வைத்திருப்பார். போர்டேஜால் அந்தப் பக்கத்தில் உள்நுழைய முடியாது. அது காட்டும் முகவரியிலிருந்து உலாவியில் இறக்கி, வார்/கேஷ்/டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவில் அதே கோப்புப் பெயரோடு வைத்துவிட்டு மறுபடி இமெர்ஜ் ஓட்டுங்கள். நட்சத்திரம் போட்டவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது.

"தமிழ் ஃபான்ட் போடவும் லைசென்ஸ் கேக்குமா?"

நோட்டோ எழுத்துருக்கள் ஓஎஃப்எல் உரிமத்தில் இருக்கின்றன, அது @ஃப்ரீ-க்குள் வரும், கேட்காது. சிலர் "எழுத்துரு" என்றதும் கோர்ஃபான்ட்ஸ் பேக்கேஜைப் போடப் போய் மைக்ரோசாஃப்டின் ஒப்பந்தத்தில் நிற்கிறார்கள். அதில் ஏரியல், வெர்டானா, டைம்ஸ் நியூ ரோமன் போன்றவைதான் உண்டு, தமிழ் எழுத்தே கிடையாது. தமிழுக்காக அதை ஏற்பது வீண் வேலை.

"டெபியன்லயும் உபுண்டுலயும் இந்தத் தலைவலி இல்லையே?"

வேறு இடத்தில் இருக்கிறது. டெபியன் உரிமத்தை ரெப்போ அளவில் பிரிக்கிறது: மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர். எந்தப் பிரிவை இயக்கினீர்களோ அதில் உள்ள எல்லாவற்றுக்கும் வழி திறந்தது மாதிரி. மைக்ரோசாஃப்ட் எழுத்துரு நிறுவும்போது அங்கும் ஒப்பந்தப் பெட்டி வரும். ஓப்பன்சூசேயின் சிப்பரில் "--ஆட்டோ-அக்ரீ-வித்-லைசென்ஸஸ்" என்றே ஒரு விருப்பம் இருக்கிறது. நிக்ஸில் "அலவ்அன்ஃப்ரீ" என்று எழுதாமல் மூடிய மென்பொருள் எதுவும் வராது, அது நம் முறைக்கு நெருக்கம்.

"ஸ்டீம் ஏத்துக்கிட்டேன். அதுல இறக்குற கேமுக்கும் போர்டேஜ் சோதிக்குமா? பிப், என்பிஎம்?"

இல்லை. போர்டேஜ் பார்ப்பது போர்டேஜ் வழியாக நிறுவியதை மட்டும். ஸ்டீமைத் திறந்துவிடும் நிரலின் உரிமத்தோடு அதன் வேலை முடிந்தது. பிப், என்பிஎம், ஃபிளாட்பேக் வழியாக வருபவை எதுவும் ஆக்செப்ட்_லைசென்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓவர்லேக்கள் (ஜென்டூ ரெப்போவுக்கு வெளியே பிறர் வைத்திருக்கும் கூடுதல் கிடங்குகள்) அப்படியல்ல. அவையும் ஈபில்டுகள்தான், அவற்றுக்குச் சோதனை உண்டு. ஓவர்லே தனக்கென உரிம உரைகளையும் குழுக்களையும் வைத்திருக்கலாம். உரை ஜென்டூ ரெப்போவில் இல்லையே என்று பயப்படாமல் ஓவர்லேயின் லைசென்ஸஸ் அடைவில் தேடுங்கள்.

"நான் அந்தக் கோப்பில எழுதினா சட்டப்படி கையெழுத்து போட்ட மாதிரியா?"

நான் வக்கீல் இல்லை. தொழில்நுட்பமாகச் சொன்னால் இது ஒரு வடிகட்டி. நீங்கள் எழுதியதை யாருக்கும் அனுப்பாது, எத்தனை கணினிக்கு உரிமம் வாங்கினீர்கள் என்று எண்ணாது. ஈபில்டில் உள்ள உரிமப் பெயரும் ஒரு பராமரிப்பாளர் பார்த்து எழுதியது, தவறியிருக்கலாம். தவறைக் கண்டால் ஜென்டூ பக்ஜில்லாவில் பதியுங்கள். அந்த மாறி, நிறுவப்படும் கோப்புகளின் உரிமத்தைச் சொல்வது. தொகுக்கும்போது மட்டும் பயன்பட்டு நிறுவப்படாதவை அதில் வராது.

"ஆபீஸ்ல ஏஜிபிஎல் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. '-ஏஜிபிஎல்-3 @ஃப்ரீ'ன்னு போட்டேன், அப்படியும் உள்ள வந்துடுச்சு. ஏன்?"

வரிசை. இடமிருந்து வலமாக, பின்னால் வருவது வெல்லும் என்று குறிகளைப் பற்றிய பதிலில் சொன்னேன். நீங்கள் முதலில் கழித்தீர்கள், அடுத்து @ஃப்ரீ வந்து, தனக்குள் இருக்கும் ஏஜிபிஎல்-ஐத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. "-* @ஃப்ரீ -ஏஜிபிஎல்-3 -ஏஜிபிஎல்-3+" என்று எழுதுங்கள். கூட்டல் குறியுள்ளது தனி உரிமம், அதையும் மறக்காமல்.

எழுதிய கையோடு அச்சுப்பொறி இருக்கும் கணினிகளைப் பாருங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஏஜிபிஎல்-3. அது மாஸ்க் ஆனால் அதை நம்பியிருக்கும் அச்சிடும் பேக்கேஜ்களும் சேர்ந்து நிற்கும். மேலே இருப்பவரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் "சரி, அது மட்டும் இருக்கட்டும்" என்பார். அப்போது பேக்கேஜ்.லைசென்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்டுக்கு மட்டும் ஏஜிபிஎல்-3-ஐத் திரும்பக் கொடுங்கள். அந்தக் கோப்பில் உள்ளவை மேக்.கான்ஃபுக்குப் பிறகே கணக்கில் வருவதால் இங்கே வரிசைச் சிக்கல் இல்லை. மேலே "#" போட்டு யார், எந்தத் தேதியில் சரி சொன்னார் என்று எழுதிவிடுங்கள். இடிசி/போர்டேஜ் அடைவை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஆறு மாதம் கழித்து அவர் மறந்துவிட்டாலும் கமிட் செய்தி மறக்காது.